உறுமிய பாறையும் ஊமைக் களிமண்ணும்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. மண்ணைத் துளைத்து எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் களிமண் எத்தனை ஆழம், எவ்வளவு இளக்கம் என்று எல்லாம் வந்துவிடுகிறது. நில அதிர்வு வந்தால் அந்த மண் எப்படி ஆடும் என்று கம்ப்யூட்டர் படமே போட்டுக் காட்டிவிடுகிறது. எங்களுக்கு இருந்ததெல்லாம் ஒரு பழைய ஜீப்பும், ஒரு கடப்பாரையும், மேலதிகாரியின் கோபமும்தான். அதற்காக உங்கள் கணக்கைக் குறை சொல்ல நான் வரவில்லை. கணக்கு சரியாக வந்த பிறகு என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். நடுநடுவே பெருமை அடித்துக்கொள்வேன், வயதானவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் நான் கம்பம் பள்ளத்தாக்கில் சாலை, பாலங்களைப் பார்க்கும் பிரிவுப் பொறியாளர். சின்னமனூரில் வாடகை வீடு. மனைவி சரோஜா, தவழக்கூட ஆரம்பிக்காத ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் காலை, பலகாரம் சாப்பிடும் நேரத்தில், நிலம் அதிர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ கிளம்பி இங்கே வந்து சேர்ந்த அதிர்வு. எந்த வீடும் விழவில்லை, யாருக்கும் காயம் இல்லை. ஆனால் ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு விதமாக வந்தது.

மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். நாலு தெரு, தாழ்வான மண்சுவர் வீடுகள், இரண்டு முழம் தோண்டினால் பாறை. அங்கே பூமிக்குள் வேட்டுப் போட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அலமாரிப் பாத்திரமெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டு கீழே விழுந்தது. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தும் போனது. கீழே மார்க்கையன்கோட்டைப் பக்கத்து வயல்காட்டில் அடியெல்லாம் இளகிய கரும் களிமண். அங்கே சத்தமே இல்லை. கூரையில் தொங்கிய விளக்கு நிதானமாக ஆடியது, கிணற்றுத் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தளும்பியது. ஆட்டம் சட்டென்று நிற்கவும் இல்லை. கேட்டால், "தொட்டில்ல போட்டு ஆட்டுன மாதிரி இருந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

இதிலிருந்து ஜனங்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? பூமி உறுமிய இடம் ஆபத்து, உறுமாத இடம் பத்திரம். களிமண் மெத்தை மாதிரி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்று படித்தவர்களே பேசினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அடிவாரத்து ஊரே பாய், தலையணை, ஆடு, கோழியோடு கீழே இறங்கிவிட்டது. சுற்றிலும் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் பயிர். காய்ந்த இடம் என்று அங்கே இருந்தது ஒரு அரிசி மில்லின் நெல் காயப்போடும் களம் மட்டும்தான்.

மில் முதலாளி உத்தமபாளையத்து ராவுத்தர். தாராள மனசுக்காரர். நெல் அவிப்பதை நிறுத்தி, பாய்லர் அடுப்பை அணைத்து, களத்தைக் கூட்டிப் பெருக்கி ஊருக்கே விட்டுக்கொடுத்தார். அன்று இரவே களத்தில் பந்தி உட்காரவைத்துப் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சித் தன் கையால் ஊற்றினார். தேனியிலிருந்த எங்கள் மேலதிகாரியும் ஏற்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் நிம்மதி. களத்து ஓரத்தில் ராவுத்தரின் தகப்பனார் கட்டிய செங்கல் புகைபோக்கி, தென்னை மரத்தைவிட உயரமாக, நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நானும்தான்.

மறுநாள் காலையில் பாலங்களைப் பார்த்து வரச் சொல்லி ஓடைப்பட்டிக்கு அனுப்பினார்கள். வழியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் ஜீப்பை மறித்தார். அவருக்கு மேட்டில் சரளை மண்ணில் ஒரு தோட்டம், பள்ளத்தில் களிமண்ணில் ஒரு தோட்டம். இரண்டிலும் ஒரே ஆள் நட்ட கல்தூண், ஒரே கம்பி, ஒரே வயசுக் கொடி.

"மேல ஒரு பழம் உதிரல சார். சத்தம் கேட்டு ஆளுக ஓடி வந்தது அங்கனருந்துதான். கீழ பாருங்க, பந்தலுக்கு அடியில கால் வைக்க எடமில்ல. அதிர்ச்சியே தெரியாத எடத்துல பழம் எப்படி சார் உதிரும்?"

அவர் நஷ்ட ஈடு கிடைக்குமா என்ற நினைப்பில் கேட்டார். நான் குனிந்து தூண்களின் அடியைப் பார்த்தேன். மேட்டில் தூணும் மண்ணும் ஒட்டிக்கொண்டிருந்தன. பள்ளத்தில் ஒவ்வொரு தூணைச் சுற்றியும் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. தூண் அசைந்து அசைந்து மண்ணைத் தள்ளியிருந்தது. தூணே இப்படி ஆடியிருந்தால் அந்தப் புகைபோக்கி என்ன ஆட்டம் ஆடியிருக்கும் என்று தோன்றிவிட்டது.

விஷயம் இதுதான். பாறை வேகமான அதிர்வை அப்படியே மேலே அனுப்பும். அதனால்தான் சத்தம், பாத்திரம் விழுவது எல்லாம். இளகிய களிமண் அந்த வேகத்தை வடிகட்டிவிடும். ஆகவே சத்தம் இல்லை. ஆனால் மெதுவான ஆட்டத்தை வாங்கிப் பெரிதாக்கும், நிறுத்தாமல் நீட்டிக்கும். அதற்குப் பெரிய பூகம்பம்கூட வேண்டியதில்லை. குட்டையான வீட்டுக்கு மெதுவான ஆட்டம் ஒரு பொருட்டில்லை. உயரமான புகைபோக்கிக்கு அதுதான் எமன். அதன் சொந்த ஆட்டமும் மெதுவானது. மண்ணின் தாளமும் அதன் தாளமும் ஒன்றாகிவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேல்நுனி இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். ஒரு அதிர்வு வந்த இடத்தில் அடுத்த சில நாளில் இன்னொன்று வருவதும் வழக்கம்தான்.

பாலத்தை விட்டுவிட்டு நேரே மில்லுக்குப் போனேன். பாய்லர் அறையின் தகரக் கூரை மேல் ஏறிப் பார்த்தால் புதுச் செங்கல் பொடி படிந்திருந்தது. அண்ணாந்தால் புகைபோக்கியின் மேல்பகுதியில், புகையும் சூடும் பட்டுச் சுண்ணாம்புச் சாந்து செத்துப்போன இடத்தில், சுற்றி ஒரு விரிசல். கீழே அதன் நிழலில் பெண்கள் தலைவாரிக்கொண்டிருந்தார்கள், குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

உங்களில் யாராவது கேட்கலாம், களத்தின் அடுத்த மூலையில் படுக்கச் சொல்லியிருக்கலாமே என்று. நல்ல கேள்விதான். அடுத்த மூலையில் கிடங்கின் உயரமான பக்கச் சுவர். அதைத் தாண்டினால் முழங்கால் சேறு. அந்தக் களத்தில் தலைக்கு மேல் ஒன்றும் இல்லாத இடம் என்று ஒரு பாய் அகலம்கூட இல்லை.

முடிவு சொல்வதற்கு முன்னால் அடிவாரத்துக்கும் போனேன். அங்கே ஊருக்கு முன்னால் ஒரு மந்தை, மாடுகள் கூடும் வெட்டவெளி. மலையிலிருந்து பாறை உருண்டு வருமா என்று பார்க்க வேண்டும் அல்லவா? சரிவில் கிடந்த பாறைகளுக்கு நடுவே பெருத்த புளியமரங்கள் நின்றன. அந்த மரங்கள் முளைத்த நாளிலிருந்து அங்கே எதுவும் உருளவில்லை என்று அர்த்தம். மந்தை அதிலிருந்தும் எட்டத்தில் இருந்தது. வீட்டுக்குள் படுக்காமல் மந்தையில் படுத்தால் அவர்கள் மேல் விழ வானம்தான் பாக்கி. எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

தபாலாபீஸிலிருந்து தேனிக்கு டிரங்க் கால் போட்டுப் பேசினேன். எங்கள் மேலதிகாரியின் பெயரைச் சொல்லமாட்டேன், இன்றைக்கும் சொல்லப் பயமாக இருக்கிறது. திராட்சை, தூண், களிமண், பாறை என்று நான் விளக்கிக்கொண்டே போக, நடுவில் வெட்டினார்.

"இந்தா பாருய்யா, எனக்குப் பாடம் எடுக்காத. ஊரே பயந்து எறங்கி வந்திருக்கு. மறுபடி ஏத்திவிட்டு அங்கன ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டு பேருமே தொலைஞ்சோம். கைப்பிள்ளை வச்சிருக்கேல்ல? அதை இன்னிக்கு எங்கன படுக்கப் போடுவ? அதை மட்டும் சொல்லு."

"மந்தையில சார்."

"அப்ப போய்ப் போடு. அப்புறம் ஊரைக் கூப்பிடு."

லைன் போய்விட்டது. எனக்கு வாய்த்த ஆசான்களில் அவரைப்போல ஒருவர் இல்லை. ஒரே கேள்வியில் என் பேச்சையெல்லாம் உதறிவிட்டு, நான் உண்மையில் நம்புவது எதை என்று பார்த்துவிட்டார்.

மில்லுக்குத் திரும்பி ராவுத்தரிடம் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். புகைபோக்கிக்குக் கீழே, நிழலுக்காக, அவர் எப்போதும் போட்டு உட்காரும் பிரம்பு நாற்காலி அது.

"எங்க அத்தா கட்டுனது சார். எத்தனை புயலு, எத்தனை மழை பார்த்திருக்கு. என்னை நம்பி வந்து படுத்தவுக மேல அது விழுமுன்னு சொல்றீக. இதை நாலு பேரு காதுல போட்டுட்டு நாளைக்கு நான் கடைவீதியில எப்படி நடப்பேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. நல்லது செய்தவரை ஊர் முன்னால் குற்றவாளியாக நிறுத்துவதுபோல் எனக்கே கூசியது. ஊர்க்காரர்களிடமே பேசிப் பார்க்கலாம் என்று களத்துக்குள் போனேன்.

அங்கே பேச்சியம்மாள் என்றொரு பெண். புல்லறுத்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள். அந்த ஊரில் அவள் சொல்தான் எடுபடும். அவளுக்குப் புரியவைத்தால் போதும் என்று, ஒரு தட்டில் மிச்சமிருந்த கேழ்வரகுக் களியைக் கேட்டு வாங்கினேன். அதன் மேல் ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு ஊதுவத்தியை நட்டேன். தட்டின் ஓரத்தைத் தட்டினேன். தீப்பெட்டி அப்படியே இருக்க, ஊதுவத்தி தலையை ஆட்டி ஆட்டிச் சாய்ந்தது. பார்த்தீர்களா என்று நிமிர்ந்தேன்.

"சோத்துல வெளையாடாதீக சார்" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டாள் பேச்சியம்மாள். கூட்டம் சிரித்தது. பிறகு அவள் சிரிக்காமல் கேட்டாள். "பூமி உறுமுறது எங்க காதுல விழுந்துச்சு. உங்க காதுல விழல. அங்கன போய்ப் படுங்கன்னு சொல்ல உங்களுக்கு என்ன? பொழுது சாஞ்சா சின்னமனூருக்குப் போயிருவீக."

"போகல ஆத்தா. என் பொண்டாட்டி பிள்ளையோட இன்னிக்கு மந்தையிலதான் படுக்கப் போறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மொதல்ல கூட்டிட்டு வாங்க. பார்ப்போம்" என்றாள்.

வீட்டுக்குப் போய்ச் சரோஜாவிடம் சொன்னபோது அவள் குழந்தைக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். "பாறை வெடிக்குதுன்னு சனமெல்லாம் எறங்குற எடத்துக்கு, நீங்க பிள்ளையத் தூக்கிட்டு ஏறணுங்கிறீக" என்றாள். ஆமாம் என்றேன். "தெரிஞ்சுதான் சொல்றீகளா, இல்ல ஆபீஸுல சொன்னாகன்னு சொல்றீகளா?" தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன். ஒரு சேலையை மடித்துத் தூளிக்கு எடுத்துக்கொண்டாள். அப்போது எனக்குப் பயம் வந்தது. கணக்கில் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தச் சேலையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

மத்தியானம் மந்தை ஓரத்து வேப்பமரத்தில் தூளி கட்டி, என் பிள்ளை அதில் கிடந்தது. ஒரு நாழிகையில் பேச்சியம்மாள் வந்து தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்ப் பாயைச் சுருட்டினாள். அவள் பின்னால் ஊர் ஏறியது. பொழுது மேற்கே சாய ஆரம்பிக்கும்போது களம் காலி. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, மேல்துண்டை உதறி விரித்து உட்கார்ந்தேன்.

சரோஜா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "எல்லாம் சரி. இன்னுங் கொஞ்ச நேரத்துல இவுக சாப்பிட எங்கன போவாக?"

அடுப்பு கீழே இருந்தது. அண்டா கீழே இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் பயத்தில் வீட்டு அடுப்பையே மூடிவிட்டு வந்தவர்கள். பசித்தால் பந்தி எங்கேயோ அங்கேதான் போவார்கள், அதே களத்தில், அதே புகைபோக்கி அடியில், வரிசையாக உட்காருவார்கள். இதோ பாருங்கள், தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே எழுந்து நின்றார்கள். மண்ணைப் பற்றித் தெரிந்த அத்தனையும் எனக்கு அந்த நிமிஷத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை.

பேச்சியம்மாளிடம், "யாரையும் எறங்க விடாத ஆத்தா, கஞ்சி இங்கன வரும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினேன். எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. யாரை அழ வைத்துவிட்டு வந்தேனோ அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ராவுத்தர் அதே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலிக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கொட்டகையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்டாவை மேல அனுப்பணும் ராவுத்தரய்யா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "என் களம் ஆகாது. என் கஞ்சி மட்டும் ஆகுமா சார்?"

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் விரிசலைக் காட்டலாம், செங்கல் பொடியைக் காட்டலாம், நான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்கலாம். எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. அவர் தகப்பனார் கட்டியதைப் பற்றி இன்னும் ஒரு சொல் சொன்னால் அண்டா அசையாது என்பதும் தெரிந்தது. மென்று விழுங்கினேன்.

"நான் கூப்பிட்டதுக்கு அவுக ஏறல. என் பிள்ளையத் தூளியில பார்த்துட்டு ஏறுனாக. இப்ப உங்க கஞ்சிக்காக எறங்கப் போறாக. என்னால நிறுத்த முடியாது. நீங்க வந்து ஊத்துனா அங்கனயே இருப்பாக. எனக்காக வேணாம், அவுக உங்களை நம்பி வந்தவுக."

நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு மாட்டு வண்டியைப் பூட்டச் சொன்னார். நான்கு பேர் அண்டாவைத் தூக்கி வைத்தார்கள். வண்டியோடு தானும் நடந்து வந்தார், வழியெல்லாம் என்னோடு பேசாமல். கஞ்சி ஆறிவிட்டால் அதற்கும் நான்தான் காரணம் என்று வண்டிக்காரனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

விளக்கு வைக்கும் நேரம். மந்தையில் பந்தி உட்கார்ந்துவிட்டது. ராவுத்தர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அகப்பையோடு முதல் வரிசையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போது பாறை உறுமியது.

காலடியிலிருந்து மேலே ஏறி வந்த சத்தம் அது. தட்டுகள் படபடத்தன, அண்டா மூடி கழன்று உருண்டது, தூளியில் பிள்ளை வீறிட்டது. சரோஜா ஓடிப்போய் மார்போடு அணைத்துக்கொண்டாள். ஊரே என்னைப் பார்த்தது. பேச்சியம்மாள் தன் மூன்று பிள்ளைகளையும் கைக்குள் இழுத்துக்கொண்டு, "நல்லா கூட்டிட்டு வந்தீக சார்" என்றாள். அவ்வளவுதான், நின்றுவிட்டது. ஒரு வீட்டு ஓடுகூட நகரவில்லை. மலையிலிருந்து ஒரு கல்லும் வரவில்லை.

நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஆட்டம் நின்ற பிறகும் அங்கே நிற்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில் அந்தப் புகைபோக்கி, சத்தமே இல்லாமல், இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை அசைந்தது. பிறகு அதன் மேல்பாதி இல்லை. களத்தின் மேல் புழுதி எழுந்து அப்படியே படர்ந்தது. விழுந்த சத்தம் எங்களை வந்து சேர்ந்தபோது ராவுத்தரும் திரும்பிப் பார்த்துவிட்டார்.

அவர் அகப்பையைப் பிடித்தபடி நின்றார். புழுதி அடங்கும்வரை நின்றார். பந்தி எங்கே உட்கார்ந்திருக்கும், நாற்காலி எங்கே கிடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "யாராச்சும் கீழ எறங்கிப் போனாகளா?" என்று கேட்டார்.

பேச்சியம்மாள்தான் பதில் சொன்னாள். வரிசையைத் தலை தலையாகப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இங்கனதான் இருக்கோம் மொதலாளி. உங்க கஞ்சிக்கு உக்காந்திருக்கோம்" என்றாள்.

மறுநாள் காலை நானும் ராவுத்தரும் சேர்ந்து களத்துக்குப் போனோம். செங்கல் குவியலுக்கு அடியில் பிரம்பு நாற்காலியின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மிச்சமிருந்த புகைபோக்கியை அவரே ஆள் வைத்து இறக்கினார், புதியதைக் கட்ட அஸ்திவாரத்துக்கு எந்த இடம் என்று என்னைத்தான் கேட்டார். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன் என்றேன் அல்லவா, சொல்லிக்கொள்கிறேன். களிமண்ணைப் பற்றி நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஆனால் அன்று சரோஜா அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், அவ்வளவு சரியான கணக்கோடு நான் மந்தையில் உட்கார்ந்து, ஊர் சாப்பிடக் கீழே போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். நீங்கள் மண்ணைச் சோதித்து அறிக்கை எழுதுங்கள், குறை இல்லை. எழுதி முடித்ததும் அந்த ஊரில் அடுப்பு எங்கே எரிகிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்று மந்தையில் பேச்சியம்மாள் அப்படிச் சொன்னதும் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ராவுத்தர் கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்டாவில் அகப்பையை விட்டு அடியோடு கலக்கினார். "கஞ்சி ஆறுது, தட்டை நீட்டுங்க" என்றார். வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த என் தட்டிலும் ஊற்றினார்.